நாலாம் கேள்விக்குப் போட்ட புள்ளடி

சுவா, பீஜி
09.02.2025

அன்புள்ள யதுசா,

கையெழுத்தைப் பார்த்ததும் நீ கிழித்துப் போடாமல் இருந்தால்தான் இந்த வரிக்கு வந்திருப்பாய். ஏழு வருடமாக என் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறாய். புது இலக்கத்தில் ஒருமுறை எடுத்தேன். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, எங்கேயாவது ஒரு மூலையில் கிடக்கும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

சண்டை முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் பக்கத்துக் கூடாரங்களில் இருந்தபோது எங்களுக்குப் பதினொரு வயது. உருத்திரபுரத்து நெல்வயல் கமக்காரரின் பிள்ளையான எனக்கும் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளையான உனக்கும் அதற்கு முன்னர் ஒரு தொடர்பும் இல்லை. தண்ணீர் வரிசையில் யாரோ ஒருத்தி என் வாளியைத் தள்ளிவிட்டாள், நீ அவளையே தள்ளிவிட்டாய். பிறகு கிளிநொச்சியில் பெண் பிள்ளைகளுக்கு றக்பி பழக்குகிறார்கள் என்றபோதும் சேர்ந்துதான் போனோம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததை எழுதினால் மற்றதையும் எழுத வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

நான் இங்கே இயன்மருத்துவம் படித்து முடித்துவிட்டேன். இப்போது துவாலு என்ற தீவு நாட்டின் றக்பி அணியோடு வேலை. பீஜியிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் கடலுக்கு மேலே பறக்க வேண்டும். முழு நாட்டையும் எண்ணினால் பதினோராயிரம் பேர் வரை இருப்பார்கள். அதற்குள்ளே, ஏழு பேர் ஆடும் றக்பிக்கு மாற்று ஆட்களோடு பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் பொலிஸ், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், மூன்று பேர் கப்பலில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள். கப்டனின் பெயர் தவிட்டா. உங்கள் தாவீதுதான் இவர்கள் வாயில் தவிட்டா. மீன்பிடிக்கிறவன். உன் அப்பாவுக்கு இருப்பது மாதிரியே விரிந்த பாதம்.

என் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. கணுக்காலுக்குப் பட்டி சுற்றுவது, ஐஸ் வைப்பது, இவன் ஓடலாம், இவன் ஓடக்கூடாது என்று சொல்வது. யூலையில் சொலமன் தீவுகளில், ஹொனியாராவில், பசிபிக் தீவு நாடுகளின் போட்டி இருக்கிறது. பீஜியும் சமோவாவும் வருவார்கள். அவர்கள் உலகத்தோடு மோதுகிற ஆட்கள். எங்கள் பிள்ளைகள் கடைசி எட்டு அணிக்குள் வந்தாலே நாடு முழுக்கத் திருவிழாதான்.

உன் கால் எப்படி என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. ஆனாலும் கேட்காமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியவில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பிரியந்தினி


முல்லைத்தீவு
12.03.2025

பிரியந்தினிக்கு,

கிழிக்கவில்லை. தபால்காரர் அம்மாவின் கையில் கொடுத்திருந்தால் அது அடுப்புக்குள் போயிருக்கும். உன் நல்ல காலம், நான் வேலைக்குப் போகாத நாளில் வந்தது.

திட்டியாவது எழுது என்று கேட்டிருக்கிறாய். கேட்டு வாங்குகிறவளைத் திட்டுவதில் ஒரு ருசியும் இல்லை. ஆகவே காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வலது பாதம் இன்னும் எழும்பவில்லை. நடந்தால் முன்பக்கம் தொங்கும், நிலத்தில் இழுபடும். செருப்பு காலில் நிற்காது. சப்பாத்துக்குள் ஒரு பிளாஸ்ரிக் தகடு வைத்துக் கட்டிக்கொண்டு காமென்ற்ஸுக்கு, உடுப்புத் தைக்கிற ஆலைக்கு, வேலைக்குப் போகிறேன். மெசின் மிதிக்க முடியாததால் நூல் வெட்டும் மேசையில் இருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை, "அக்கா, பிறந்ததிலை இருந்து இப்பிடியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்படிச் சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும்.

நீ இயன்மருத்துவம் படித்தாயாம். என் காலை நினைத்துப் படித்தாயா, இல்லை வேறொன்றும் கிடைக்காமல் படித்தாயா? பதில் வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. தை மாதம் வவுனியாவில் ஒரு நரம்பு டொக்டரிடம் போனேன். சண்டையின் கடைசி நாட்களில் மாத்தளனில் பட்ட செல் குண்டின் துண்டு முழங்காலுக்கு வெளிப்பக்கத்தில் அப்படியே கிடப்பதை எக்ஸ்ரேயில் காட்டினார். நான் கொழும்பில் எடுத்த ஸ்கானைப் பற்றிச் சொன்னேன். 2018இல் தேசிய றக்பி அணித் தெரிவுக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டபோது, முழங்கால் நோகிறது என்று சொன்னதால் என்னை ஒரு தனியார் இடத்துக்கு அனுப்பினார்களே, அந்த ஸ்கான். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, அந்த மெசின் பெரிய காந்தம். உடம்புக்கை இரும்பு கிடந்தா இழுக்கும். அந்த இழுவையிலைதான் நரம்பு பழுதாப் போயிருக்கு. உள்ளுக்கை விடமுதல் கட்டாயம் கேப்பினம். உங்களை ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்றார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சிங்களமும் தெரியாது. உனக்குத் தெரியும். உன் அப்பாவோடு பரந்தனுக்கு நெல் விற்கப் போய்ச் சிங்கள லொறிக்காரரோடு கதைத்துக் கதைத்துப் பழகினாய். அதற்காகத்தான் உன்னை என்னோடு அனுப்பினார்கள். அவர்கள் தந்த படிவத்தை நிரப்பியதும் நீதான்.

ஆகவே ஒரேயொரு கேள்வி. உடம்புக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று அந்தப் படிவத்தில் கேட்டிருந்ததா? கேட்டிருந்தால் நீ என்ன பதில் போட்டாய்?

எங்கள் ஸ்ரனிஸ்லஸ் அண்ணா முறைப்பாடு கொடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வவுனியாவில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துவிட்டார். கேட்காமலே உள்ளே விட்டார்கள் என்று எழுதப் போகிறார்களாம். அம்மா இதற்கெல்லாம் முன்பிருந்தே உன்னைத்தான் திட்டிப் பேசுகிறார். "என்ரை பிள்ளையின்ரை இடத்தைப் பறிச்சுக்கொண்டு ஓடினவள்" என்பதுதான் இந்த வீட்டில் உனக்குப் பெயர்.

யதுசா


ஃபுனாஃபுட்டி, துவாலு
20.04.2025

அன்புள்ள யதுசா,

உன் கடிதம் சுவாவுக்குப் போய், அங்கிருந்து யாரோ கொண்டுவந்து, நேற்றுத்தான் கையில் கிடைத்தது. இன்று உயிர்த்த ஞாயிறு. ஊரே தேவாலயத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் காலையிலேயே பூசைக்குப் போயிருப்பீர்கள்.

நாங்கள் பயிற்சி செய்யும் இடத்தைக் கேட்டால் நம்பமாட்டாய். விமான ஓடுபாதை. தீவு ஒரு துண்டு நாடா அகலம்தான், வேறு வெளி கிடையாது. கிழமைக்குச் சில நாட்கள்தான் விமானம். மற்ற நேரமெல்லாம் ஊர்ச் சனம் அதில்தான் நடக்கும், பந்தடிக்கும், பாய் விரித்துப் படுக்கும். விமானம் வரும்போது அபாயச் சங்கு ஊதுவார்கள், எல்லோரும் விலகிவிட வேண்டும். முதல் நாள் எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. சங்கு ஊதியதும் பட்டிப் பெட்டியை எறிந்துவிட்டுக் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தவிட்டா மட்டும் சிரிக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "யார் உன்னைத் துரத்தியது?" என்று கேட்டான். நான் சிதறிய பட்டிகளைப் பொறுக்கத் தொடங்கினேன். யார் துரத்தியது என்று உனக்குச் சொல்லத் தேவையே இல்லை.

அவன் ஓடுவதை நீ பார்க்க வேண்டும். மெல்ல ஓடுகிற மாதிரித்தான் இருக்கும், பிடிக்கப் போனால் ஆள் இருக்கமாட்டான். போன கிழமை பீஜிக் கழகம் ஒன்றோடு ஆடி நாற்பது புள்ளியால் தோற்றார்கள். தோற்றுவிட்டு வட்டமாக நின்று செபம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எங்களை அப்படி அடித்திருந்தால் நீ ஒரு மாதம் யாரோடும் கதைத்திருக்கமாட்டாய்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அது நடந்து ஏழு வருடமாகிவிட்டது, யதுசா. ஒரு தாள் தந்தார்கள். உன் பெயர், வயது, முகவரி எழுதியது ஞாபகம். மற்றதைப் பற்றி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அவர்களே நிரப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவசரப்பட்டுக்கொண்டு நின்றார்கள்.

பாதத்துக்கு நீ போடுகிற தகடு உன் அளவுக்குச் செய்ததா, கடையில் வாங்கியதா? அளவு பிழைத்தால் முழங்காலும் போய்விடும். படம் எடுத்து அனுப்பினால் சொல்வேன்.

பிரியந்தினி


முல்லைத்தீவு
24.05.2025

பிரியந்தினிக்கு,

தகடு கடையில் வாங்கியதுதான். படம் அனுப்பப் போவதில்லை.

உன் கடிதத்தை இந்த முறை அண்ணாவும் பார்த்துவிட்டார். "அவர்களே நிரப்பியிருப்பார்கள்" என்ற வரியைத் தொலைபேசியில் படம் எடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்பினார். அரை மணித்தியாலத்தில் அவரே எடுத்தார். இது ஒன்று காணுமாம். கூட வந்தவளே சொல்கிறாள், மொழி தெரிந்தவள், இப்போது மருத்துவம் படித்தவள், இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றாராம். முறைப்பாடு போய்விட்டது. ஓகஸ்ட் ஐந்தாம் திகதி விசாரணை.

அன்றைக்கு மெசினில் நின்ற மனிதரை ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி போட்டவர், தலை பாதி நரைத்தவர். இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறாராம். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறதாம். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவர் ஓர் அறிக்கையும் எழுதி வைக்கவில்லையாம், பழைய படிவமும் அங்கே இல்லையாம். அதனால் முழுப் பிழையும் அவர் தலையில்தான் விழும் என்று சட்டத்தரணி சந்தோசமாகச் சொன்னார். அண்ணாவும் சந்தோசப்பட்டார்.

என்னால் ஏனோ சந்தோசப்பட முடியவில்லை. அந்த மனிதர் எனக்குத் தண்ணீர் தந்தவர். போத்தல் மூடியைத் திறந்து தந்தவர். அதற்காக விட்டுவிட முடியுமா என்று அண்ணா கேட்கிறார். முடியாதுதான்.

அம்மாவைப் பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும். பதினெட்டாம் திகதி, நினைவு நாளுக்கு, முள்ளிவாய்க்காலுக்குப் போய் வந்தோம். வழமையாக அன்று முழுக்கப் படுத்துக் கிடப்பவர், இந்த முறை வந்ததும் குசினிக்குள் போய் எல்லோருக்கும் சமைத்தார். "எங்களுக்குச் செய்ததுக்கு ஒருத்தனெண்டாலும் பதில் சொல்லட்டும்" என்றார். அந்த ஒருத்தன் இந்தக் கண்ணாடிக்காரர்தானா என்று எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

உன்னிடம் வேண்டியது ஒன்றுதான். உன் கடிதத்தில் எழுதியதையே ஒரு சத்தியக்கடதாசியாக எழுதி, அங்கே ஒரு சமாதான நீதவானோ யாரோ முன்னால் கையெழுத்து வைத்து அனுப்பு. விசாரணைக்கு முன்னர் வந்து சேர வேண்டும். உனக்கு ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்று எழுது. ஞாபகம் இருந்தால் அதை எழுது. இரண்டில் ஒன்று. பட்டி, தகடு, ஓடுபாதை எல்லாம் வேண்டாம்.

யதுசா


ஹொனியாரா, சொலமன் தீவுகள்
06.07.2025

யதுசா,

சத்தியக்கடதாசி இதற்குள் இல்லை. தேடாதே. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன், ஐந்தாம் திகதிக்கு முன் உன் கையில் இருக்கும்.

போட்டி நேற்று முடிந்தது. முதல் நாள் சமோவாவிடம் நன்றாக வாங்கினோம். நியுவேயை வென்றோம். நேற்றுக் காலை வனுவாட்டுவை வென்றால் கடைசி எட்டுக்குள். முதல் நாள் நியுவேயோடு ஆடிய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் தவிட்டா ஒருவனை மறிக்கப் போய் அவனுடைய இடுப்பில் தலை மோதி விழுந்தான். உடனே எழும்பிவிட்டான். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேற்றுக் காலை கூடாரத்துக்குப் பின்னால் அவன் வாந்தி எடுப்பதைக் கண்டேன். மீன் பழுதாக இருந்தது என்றான். செபம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது, அந்த மோதலில் மூளை அதிர்ந்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அவனுக்கும் விளங்கிவிட்டது. "நீ பொய் சொல்ல வேண்டாம். சும்மா இரு, போதும்" என்றான். அவனுடைய தாய் ஓடுபாதையில் பாய் போட்டு வானொலிக்குப் பக்கத்தில் இருப்பாள் என்றான். தன் ஊர்த் தேவாலயம் முழுவதும் தனக்காக உபவாசம் இருக்கிறது என்றான்.

ஆட்டத்துக்கு முன்னர் போட்டி மருத்துவர் ஒரு படிவத்தோடு வந்தார். அடிபட்டவர்களின் பெயருக்கு எதிரே வாந்தி, மறதி, தலைச்சுற்று, ஆம், இல்லை. வழமையான படிவம்தான். பேனை என் கையில். தவிட்டா எதிரே சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். நான் ஆம் என்று போட்டேன். அவனைக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்திவிட்டார்கள். இருபத்தாறுக்கு ஐந்து என்று தோற்றோம். பன்னிரண்டு பேரில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. பயிற்றுநர் மட்டும், செய்தது சரிதான் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சரியைச் செய்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அந்த ஆம் என்பதை நான் போட்டிருக்க வேண்டிய இடம் வேறு, ஆள் வேறு.

நாலாவது கேள்வி, யதுசா. முதல் மூன்றும் பெயர், வயது, முகவரி. நாலாவதில் உடம்புக்குள் உலோகம், குண்டுச் சிதறல் ஏதும் உண்டா என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டிருந்தது. நான் வாசித்தேன். எனக்கு விளங்கியது. உன்னைக் கேட்கவே இல்லை. இல்லை என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன். கீழே உன்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். நீ வைத்தாய்.

செட்டிகுளத்தில் உன் அம்மா எங்கள் இரண்டு பேரையும் இருத்திவைத்துச் சொல்லித் தந்ததை மறந்திருக்கமாட்டாய். "ஆர் கேட்டாலும் கிணத்தடியிலை விழுந்தது எண்டு சொல்லவேணும். செல் பட்டது எண்டு வாய் தவறியும் வரப்படாது பிள்ளையள். காயம் இருக்கிற ஆக்களை இயக்கமோ எண்டு ஆமிக்காரர் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போகினம்." உன்னைக் கேட்பவன் என்னையும் கேட்பான் என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொரு நாளும் சொல்ல வைத்தார். ஒன்பது வருடம் கழித்து, ஒருவரும் எங்களை விசாரிக்காத ஓர் அறையில், குளிரூட்டிக்குக் கீழே இருந்துகொண்டு, அந்தக் கேள்வியைக் கண்டதும் என் கை இல்லை என்று போட்டுவிட்டது. உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அந்த மெசின் காந்தம் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் நம்பு.

மிச்சத்துக்கு எந்தச் சாட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணாடிக்காரர் மெசினை நிறுத்திவிட்டு வெளியே ஓடி வந்தார். படம் கறுத்துப் போகிறது, உள்ளே இரும்பு இருக்கிறது, நீ இல்லை என்றுதானே போட்டாய் என்றார். எங்களுக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அறிக்கை எழுத வேண்டும் என்றார். எழுதினால் இவளை அணியில் எடுக்கமாட்டார்கள், வன்னியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அழுதேன். அவர் என்னைப் பார்த்தார், கதவுக்குள்ளால் உன்னைப் பார்த்தார், தாளை மடித்துவிட்டார். அவர் அறிக்கை எழுதாமல் விட்டது எங்கள் மேல் இரக்கப்பட்டு. அதற்குத்தான் இப்போது அவரை விசாரிக்கப் போகிறார்கள்.

அடுத்த நாள் காலையில் உன் பாதம் எழும்பவில்லை. நாலு நாளில் உன் ஜேர்சியை எனக்குத் தந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒன்பதாம் இலக்கத்தைப் போட்டுக்கொண்டு படம் எடுத்து, உனக்கே அனுப்பவும் செய்தேன். ஏன் அனுப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன கடிதத்தில் ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். இந்தக் கடிதத்தைச் சட்டத்தரணியிடம் கொடு, அண்ணாவிடம் கொடு, அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. நீ சொல்லும் இடத்தில் வந்து நின்று சொல்கிறேன். மன்னிக்கச் சொல்லி எழுத நினைத்தேன். அதை எழுதினால் நீ எனக்கு ஏதோ தர வேண்டும் என்று ஆகிவிடும். எழுதவில்லை.

பிரியந்தினி


முல்லைத்தீவு
10.08.2025

பிரியந்தினி,

உன் கடிதம் முதலாம் திகதி வந்தது. கையெழுத்து வாங்கத் தபால்காரர் காமென்ற்ஸ் வாசலுக்கே வந்தார், அங்கேயே நின்று வாசித்தேன். பஸ் போய்விட்டது. நடந்து வந்தேன், தகடு வெட்டிக் காலில் இரத்தம். அவ்வளவு கோபம் உன் மேல். வீட்டுப் படலைக்குக் கிட்ட வரும்போது அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. என்னிடம் இருந்ததைச் சொல்லாமல் உன்னிடம் மட்டும் எப்படிக் கோபப்படுவது?

மெசினுக்குள் விடும்போது என் கையில் ஒரு ரப்பர் உருண்டை தந்தார்கள். நோவெடுத்தால் அமத்த வேண்டும், உடனே வெளியே எடுப்பார்கள் என்று நீதான் தமிழில் சொன்னாய். உள்ளே போனதுமே முழங்காலை யாரோ கொக்கி போட்டு இழுப்பது தெரிந்தது. செல் துண்டுதான் என்று அந்த நிமிடமே விளங்கியது. அந்த மெசின் காந்தம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இழுப்பது அதுதான் என்று தெரியும். அமத்தினால் பிடித்துவிடுவார்கள், செல் பட்ட கால் என்று அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். உருண்டையை விரலால் தொடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உதட்டைக் கடித்ததில் வாயெல்லாம் இரத்தம் ருசித்தது.

அந்த மனிதர் தானாகவே நிறுத்தினார். ஓடி வந்து என் காலைத் தொட்டு, நோகிறதா என்று சைகையால் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். அப்போதுதான் தண்ணீர் தந்தார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று டொக்டருக்கும் சொன்னேன், உனக்கும் எழுதினேன். அவர் கேட்டார், பிரியந்தினி. நீ அந்த நாலாம் கேள்வியை எனக்குத் தமிழில் வாசித்திருந்தாலும் நானும் இல்லை என்றுதான் போடச் சொல்லியிருப்பேன். அதே அம்மாவிடம்தானே நானும் பாடம் படித்தேன். இதை ஏழு வருடம் வைத்துக்கொண்டு உன் இலக்கத்தைத் தடுத்து வைத்திருந்தேன். உன்னைக் கோபித்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்த உருண்டையை நினைக்கத் தேவை இல்லாமல் இருந்தது.

மூன்றாம் திகதி அண்ணாவிடம் சொன்னேன். உருண்டையைப் பற்றி மட்டும். உன் புள்ளடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அண்ணா முதலில் நம்பவில்லை. பிறகு, "அப்ப நீயே உன்ரை காலை முறிச்சுப்போட்டு எங்களை ஏன்ரி நாயா அலைய விட்டனி?" என்று கத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். நான் சட்டத்தரணிக்கு எடுத்து, நோவை நான்தான் மறைத்தேன், முறைப்பாட்டைத் திருப்பி எடுங்கோ என்றேன். எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் திகதி விசாரணை நடக்கவில்லை. அந்தக் கண்ணாடிக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமோ தெரியாது. அண்ணா இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

அம்மாவுக்கும் நானே சொன்னேன். வலை காயப் போட்ட இடத்தில் நின்றார். கேட்டுவிட்டு, "விளையாடவோ பிள்ளை? ஒரு பந்துக்காகவோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பிறகு, "உன்னை அந்தப் பைத்தியத்திலை தள்ளிவிட்டவள் அவள்தானே" என்று உன்னைப் பேசத் தொடங்கினார். நான் பேசவிட்டேன்.

இனிச் சொல்லப் போவதை நன்றாகக் கேள். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். காட்டமாட்டேன். எரித்துவிட்டேன். அம்மா அதைக் கேட்டால், இல்லை என்று சொல்லப் பழக்கியது ஆர் என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். எங்களைக் காப்பாற்றத்தான் பழக்கினார். முகாமிலிருந்து இரண்டு பேரும் வெளியே வந்ததும் அதனால்தான். அதையே திருப்பி அவர் மடியில் போட என்னால் முடியாது, உனக்கும் முடியாது.

தவிட்டா உன்னோடு கதைக்காவிட்டால் இருக்கட்டும். கதைக்காமலாவது இரண்டு காலிலும் நடந்து திரிகிறானே. ஆனால் என் பெயரைச் சொல்லிக்கொண்டு இனி ஒன்றும் செய்யாதே. அவனுக்காகச் செய்ததென்றே இருக்கட்டும்.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லது, என்னிடம் கொடுக்க அது இல்லை. வேண்டுமென்றால் ஒரு தண்டனை தருகிறேன். இடத்தைப் பறித்துக்கொண்டு ஓடினவள் என்ற பெயரோடு நீ இந்த வீட்டில் இரு. அம்மா பேசப் பேச, பக்கத்தில் இருந்துகொண்டு நானும் ஓம் அம்மா என்பேன். அதுதான் எனக்குத் தண்டனை. உனக்கு எழுத வேண்டும் போல் இருந்தால் வீட்டுக்குப் போடாதே, காமென்ற்ஸுக்கு என் பெயரில் போடு.

நாளைக்கு அம்மா மடுத் திருவிழாவுக்கு வெளிக்கிடுகிறார். என் காலுக்காக ஒவ்வொரு வருடமும் போகிறார். உன்னையும் மாதாவிடம் முறையிட்டுவிட்டுத்தான் வருவார். முறையிடட்டும். நீயும் குற்றவாளி இல்லை என்று ஆகிவிட்டால், அம்மா குற்றம் சொல்ல அம்மாவைத் தவிர வேறொருவரும் மிஞ்சமாட்டார்கள்.

யதுசா